ஓய்வுக்குப் பின் ஒரு நாற்காலி

1956 செப்டம்பர் 1 அன்று தில்லி சாணக்யபுரியில் அமெரிக்கத் தூதரகத்துக்கு அடிக்கல் நாட்டியவர் அந்நாட்டு உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் தீர்ப்பளித்தவர். அங்கே கூட்டாட்சி நீதிபதிகளுக்கு ஓய்வு வயது கிடையாது; வாரன் 1969-ல் தாமாகத்தான் இறங்கினார். அந்தத் தூதரகம் 1959 ஜனவரியில் திறக்கப்பட்டபோது, வாஷிங்டனில் இந்தியத் தூதராக இருந்தவரும் நீதித்துறையிலிருந்து போனவர்தான்: பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த எம்.சி. சாக்ளா.

சாக்ளாவின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1958 தொடக்கத்தில், பதவியில் இருந்துகொண்டே, முந்த்ரா விவகாரத்தை ஒருநபர் ஆணையமாக விசாரித்தார். ஆயுள் காப்பீட்டுக் கழகப் பணம் ஒரு தொழிலதிபரின் நிறுவனங்களுக்குப் போனது எப்படி என்பதே கேள்வி. விசாரணை எல்லார் கண்முன்னே நடந்தது, சில வாரங்களில் முடிந்தது, நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அதே ஆண்டில் எம்.சி. செதல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம் தன் 14-வது அறிக்கையைத் தந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஓய்வுக்குப் பின் அரசுப் பதவி ஏற்கக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அந்த ஆணையத்தில் சாக்ளாவும் உறுப்பினர். அதே ஆண்டிலேயே அவர் தூதரானார். செதல்வாட் இதை லேசில் மன்னிக்கவில்லை.

இதில் லஞ்ச வாடை எதுவும் இல்லை. அரசின் மிகப் பெரிய அமைச்சர் ஒருவர் விழக் காரணமானவரையே அரசு தூதராக அனுப்பியது. ஓய்வுக்குப் பின் பதவி பெற்றவர் எல்லாம் தீர்ப்பை விற்றவர் என்று பொத்தாம்பொதுவாகப் பேசுகிறவர்கள் இந்த உதாரணத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆனாலும் பரிந்துரைத்த குழுவில் இருந்தவராலேயே அதன் உணர்வுக்குக் கட்டுப்பட முடியவில்லை என்றால், தனிமனித ஒழுக்கத்தை நம்பி இதை விட்டுவிட முடியாது என்பதும் அன்றே தெரிந்துவிட்டது.

அரசியல் நிர்ணய சபையில் கே.டி. ஷா இதற்குத் தடை கேட்டார். நீதிமன்றங்களுக்கு வரும் வழக்குகளில் அரசுக்கு அக்கறை மிகக் குறைவு என்பது அம்பேத்கரின் பதில். 1949-ல் அது நியாயமான கணிப்பாகவே இருந்திருக்கலாம். இன்று நாட்டின் மிகப் பெரிய வழக்காடி அரசுதான். வரி, நிலம், ஒப்பந்தம், கைது என எதை எடுத்தாலும் எதிரே அரசு வழக்கறிஞர் நிற்கிறார். வியப்பு என்னவென்றால், தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஓய்வுக்குப் பின் எந்த அரசுப் பதவியும் ஏற்க முடியாது என்று 148-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. உச்ச நீதிமன்ற நீதிபதிக்கோ, எந்த நீதிமன்றத்திலும் வாதாடக் கூடாது என்ற ஒரே தடையோடு 124-வது பிரிவு நிறுத்திக்கொள்கிறது. கணக்குப் பார்க்கிறவர் மீதிருக்கும் எச்சரிக்கை, வழக்குப் பார்க்கிறவர் மீது இல்லை.

தமிழ்நாடு இதன் விலையை நேரில் கண்டது. உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி 1997-ல் இங்கே ஆளுநரானார். 2001 மே மாதம், தண்டனை காரணமாகத் தேர்தலில் நிற்கவே தகுதியிழந்திருந்த ஜெயலலிதாவுக்கு முதல்வராகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். செப்டம்பரில் அந்த நியமனம் செல்லாது என்று, அவர் ஒருகாலத்தில் அமர்ந்திருந்த அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள், கருணாநிதி கைதைத் தொடர்ந்து எழுந்த நெருக்கடியில் அவர் பதவி விலகியிருந்தார். நீதிபதியாக இருந்தவர் ஆளுநரானால் அரசியல் சட்டம் பாதுகாப்பாக இருக்கும் என்ற வாதம் அந்த ஆண்டோடு வலுவிழந்திருக்க வேண்டும்.

வலுவிழக்கவில்லை. பவானி அருகே காடப்பநல்லூரில் பிறந்து, சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்சிக்குப் போன ப. சதாசிவம் 2014 ஏப்ரலில் இந்தியத் தலைமை நீதிபதியாக ஓய்வு பெற்றார். செப்டம்பரில் கேரள ஆளுநர். தலைமை நீதிபதியாக இருந்த ஒருவர் ஆளுநரானது அதுவே முதல்முறை. அமித் ஷா மீதான இரண்டாவது முதல் தகவல் அறிக்கையை 2013-ல் ரத்து செய்த அமர்வில் அவர் இருந்ததைச் சுட்டிக் கேள்வி எழுந்தது. தொடர்பு எதுவும் இல்லை என்று அவர் மறுத்தார். அவர் சொன்னது முழு உண்மையாகவே இருக்கட்டும். ஐந்து மாதம்கூட நிறையாத இடைவெளிதான் அந்தக் கேள்வியைப் பிறப்பித்தது, பதிலை அதுவே பலவீனமாக்கியது. ஓய்வுக்கு முந்தைய தீர்ப்புகளில் ஓய்வுக்குப் பிந்தைய வேலையின் நிழல் விழுகிறது என்று 2012-ல் பேசியவர் அருண் ஜேட்லி. ஆளுநர் நியமனம் நடந்தபோது அவர் மத்திய அமைச்சர்! பிறகு 2020-ல், ஓய்வு பெற்ற நான்கே மாதத்தில் ரஞ்சன் கோகோய் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். காங்கிரஸ் மட்டும் சுத்தமா? 1983-ல் பகருல் இஸ்லாம் உச்ச நீதிமன்றத்திலிருந்து விலகி, அக்கட்சியின் சார்பில் மாநிலங்களவைக்குப் போனார்.

மறுபக்கத்தை மறைத்தால் இந்த எடைபோடல் நேர்மையாகாது. ஓய்வு பெற்ற நீதிபதிகள் இல்லாமல் நாட்டில் பல வேலைகள் நின்றுபோகும். பசுமைத் தீர்ப்பாயத்தின் தலைவராக இன்னார்தான் வரவேண்டும் என்று 2010-ஆம் ஆண்டுச் சட்டமே நீதிபதிகளைக் கேட்கிறது. மனித உரிமை ஆணையம், லோக்பால் என்று பட்டியல் நீளம். 2012 தில்லி கூட்டு வன்புணர்வுக்குப் பிறகு ஜே.எஸ். வர்மா குழு ஒரே மாதத்தில் தந்த அறிக்கை, மறு ஆண்டுக் குற்றவியல் சட்டத் திருத்தத்துக்கு அடித்தளமானது. 65 வயதில், உயர் நீதிமன்றம் என்றால் 62-லேயே, அத்தனை அனுபவத்தையும் வீட்டுக்கு அனுப்புவது வீண்.

ஆகவே பிரித்துப் பார்க்க வேண்டும். நீதிபதியின் திறமையை வேண்டி நிற்கும் பதவி ஒன்று; அரசின் விருப்பத்தால் மட்டுமே கிடைக்கும் ஆளுநர் மாளிகை, மாநிலங்களவை இருக்கை இன்னொன்று. இரண்டாவதற்குத் தயக்கமில்லாமல் தடை போடலாம். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. முதலாவதுதான் சிக்கல். தலைமை நீதிபதியாக இருந்தபோது ஆர்.எம். லோதா சொன்ன இரண்டாண்டு இடைவெளி கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 67 வயதில் உள்ளே வருபவர், 70-ஐ உச்ச வரம்பாக வைத்திருக்கும் தீர்ப்பாயத்தில் மூன்று ஆண்டுதான் இருப்பார். நுணுக்கங்களைப் பழகி முடிக்கும்போது கிளம்ப வேண்டும். அதைவிட, தேர்வை அரசின் கையிலிருந்து எடுப்பதும், ஓய்வுக்கு முன்பே யார் எங்கே என்று நீதித்துறையே முடிவு செய்வதும் பயன் தரும். ஆயுள் முழுக்கப் பதவி என்ற அமெரிக்க வழியும் மருந்தாகாது: 87 வயதில் பதவியிலேயே இறந்த ரூத் கின்ஸ்பர்க்கின் இடத்தை யார் நிரப்புவது என்பதே 2020-ல் அங்கே தேர்தல் சண்டையானது. வாரனைக்கூட, பதவியில் இருந்தபோதே, கென்னடி கொலை விசாரணைக்குத் தலைமை தாங்க வைத்தவர் ஜனாதிபதி ஜான்சன்தான்.

கே. சந்துரு 2013 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து விடைபெற்றபோது, வழியனுப்பு விழாவை மறுத்து, அரசு காரை ஒப்படைத்துவிட்டுப் புறநகர் ரயிலில் வீட்டுக்குப் போனார். பின்னாளில் ஆன்லைன் ரம்மி பற்றியும், பள்ளிகளில் சாதி மோதல் பற்றியும் மாநில அரசுக்கு அறிக்கை தந்தார். அதாவது அரசோடு உறவே கூடாது என்பது அவர் வழி அல்ல. கேட்ட வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். 2025-ல் தலைமை நீதிபதி பி.ஆர். கவாயும் தாம் எந்தப் பதவியும் ஏற்கப்போவதில்லை என்று அறிவித்தார். பாராட்டலாம். ஆனால் அந்த உறுதிமொழி அவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். அடுத்த மாதம் ஓய்வு பெறும் நீதிபதியின் முன்னால் இன்றும் அரசின் வழக்கு இருக்கிறது, அரசின் கையில் நியமன ஆணை இருக்கிறது, 148-வது பிரிவில் உள்ள அந்த ஒற்றை வாக்கியத்தை 124-வதுக்கும் நீட்டிக்கும் மசோதாவை எந்த ஆளுங்கட்சியும் கொண்டுவரவில்லை.