எத்தனை வேலைதான் பார்க்கும் 'தொடங்கியது'?

இணையத்தில் வந்த சிறுகதைகளைக் கொஞ்ச நாளாக வரிசையாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். மழை தொடங்குகிறது. காதல் தொடங்குகிறது. சண்டை தொடங்குகிறது. இரண்டு பக்கம் தள்ளிப் போனால் மார்கழியும் தொடங்கிவிடுகிறது. பாவம், ஒரே வினை எத்தனை வேலைதான் பார்க்கும்?

'இங்கிலீஷ்ல யோசிச்சா இப்படித்தான்' என்று பழியைத் தள்ளிவிடலாம். ஆனால் ஆங்கிலம் அப்படி இல்லை. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் என்ன மனப்பாடம் செய்தோம்? 'வார்' என்றால் 'பிரேக்ஸ் அவுட்', 'வின்டர்' என்றால் 'செட்ஸ் இன்'. எதற்கு எந்த வினை சேரும் என்று அங்கே ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, தமிழுக்கு வந்ததும் எல்லாவற்றுக்கும் 'தொடங்கியது' போடுகிறோம்.

தமிழில் மழை பிடித்துக்கொள்ளும். காதல் அரும்பும். மாதம் பிறக்கும். திருவிழாவுக்குக் கொடி ஏறும். சண்டை மூளும். ஒவ்வொரு வினைக்குள்ளும் ஒரு முன்கதை இருக்கிறது. ஒரு கதையில் பங்காளிகளுக்குள் இருபது வருடப் பகை. கடைசியில் 'சண்டை தொடங்கியது' என்று ஒரு வரி. இருபது வருடமும் அந்த வரியில் காணாமல் போகிறது. 'மூண்டது' என்று எழுதியிருந்தால், உள்ளே கனன்ற நெருப்பு தெரிந்திருக்கும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது வெறும் நடைப் பிரச்சினை இல்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையச் சொன்னார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல்தான். 'புதுச்சேரியில் இந்திய ஆட்சி தொடங்கியது' என்று எழுதினால் இதில் எந்த நாள்? 'கைமாறியது' என்றால் கொடுத்த கையும் வாங்கிய கையும் தெரிகின்றன. 'இணைந்தது' என்றால் ஊரே நடந்துபோய்ச் சேர்ந்த மாதிரி இருக்கிறது. 'விடுதலை பெற்றது' என்றால் அதற்கு முன்பிருந்த அடிமைத்தனமும் கூடவே வருகிறது. வினையைத் தேர்ந்தெடுக்கும்போதே வரலாற்றில் ஒரு பக்கம் நின்றுவிடுகிறோம். 'தொடங்கியது' எந்தப் பக்கமும் நிற்காது; அதனால்தான் அது அவ்வளவு வசதியாக இருக்கிறது.

அப்போ அந்தச் சொல்லையே எழுதக் கூடாதா? தாராளமா எழுதலாம். கூட்டம் தொடங்கும், வகுப்பு தொடங்கும், தேர்வு தொடங்கும். கடிகாரம் பார்த்து நடக்கிற காரியங்களுக்கு அதைவிடச் சரியான சொல் கிடையாது.

மழையும் காதலும் மணி பார்த்து வருவதில்லையே.