ஓ3 போட்டால் ஓடுமா?

2011-ல் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் உருவாக்கியது, டெபியனை அடியொற்றியது. கோணத்திலும் தக்கலையிலும் குலசேகரத்திலும் படித்த பிள்ளைகளில் சிலராவது டெர்மினல் என்ற கறுப்புத் திரையை முதலில் பார்த்தது அதில்தான். அந்தத் திரையில் கை பழகியவர்களுக்கு மூலநிரலை இறக்கித் தாமே கம்பைல் செய்து பார்க்கும் ஆசை வரும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே வருவது, எப்படிக் கம்பைல் செய்ய வேண்டும் என்று கம்பைலருக்கு நாமே ஃப்ளாக் எழுதிக் கொடுக்கும் பழக்கம். மேம்படுத்தலைக் கூட்ட ஓ3 போடு, மார்ச்=நேட்டிவ் போடு, பறக்கும் என்பார்கள்.

பறக்காது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. லினக்ஸ் விநியோகங்கள் தரும் 64-பிட் பொட்டலங்களில் பெரும்பாலானவை, 2003-ல் ஏஎம்டி ஆப்டெரான் வந்தபோதிருந்த கட்டளைகளோடு நின்றுகொள்கின்றன; பழைய கணினியிலும் ஓடியாக வேண்டுமே. அந்தக் கட்டளைகளால் ஒரு வீச்சில் 4 தசம எண்களைக் கூட்டலாம். 2013-க்குப் பிறகு வந்த கோர் வரிசை ப்ராசஸர்களின் ஏவிஎக்ஸ் கட்டளைகளால் 8 எண்களைக் கூட்டலாம். படத்தை மங்கலாக்குவது, அணிகளைப் பெருக்குவது போன்ற வேலைகளுக்கு நாமே சி-யில் லூப் எழுதியிருந்தால், மார்ச்=நேட்டிவ் என்ற ஒரு சொல் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசத்தைக் கொடுக்கும். காசு செலவில்லாமல் கிடைக்கும் வேகத்தை வேண்டாம் என்பானேன்?

ஆனால் அந்தச் சொல்லுக்குப் பொருள், ‘இந்தக் கணினியில் இருக்கும் எல்லாக் கட்டளைகளையும் தாராளமாகப் பயன்படுத்து’ என்பது. வேறு கணினியைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. கல்லூரி லேபில் கோர் ஐ5-ல் கம்பைல் செய்த ப்ராஜெக்டை, வைவாவுக்கு முந்தின நாள் பென்டியமோ செலிரானோ உள்ள மடிக்கணினிக்கு மாற்றினால் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று ஒரே வரி சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளும். இன்டெல் தன் மலிவு ப்ராசஸர்களில் பல ஆண்டுகள் ஏவிஎக்ஸைக் கொடுக்கவே இல்லை. கணவாய்க் காற்றை நம்பி முப்பந்தலில் நிறுத்திய காற்றாலையைப் பெயர்த்துக் கொண்டுபோய் வேறெங்கோ நட்டுவிட்டு, சுற்றவில்லையே என்று அதைத் திட்டி என்ன பயன்? இதற்கு நடுவழி ஒன்று உண்டு, யாரும் சீண்டுவதில்லை: எம்ட்யூன். அது இருக்கும் கட்டளைகளையே நம் ப்ராசஸருக்குத் தோதாகத் தேர்ந்து அடுக்கும், புதுக் கட்டளை எதையும் நுழைக்காது. வேகம் கொஞ்சம்தான் கூடும். ஆனால் எங்கும் ஓடும்.

இன்னொரு கோளாறு எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். கன்ஃபிகர் ஸ்க்ரிப்ட் உள்ள மூலநிரல்களில், சிஃப்ளாக்ஸ் என்ற மாறியை நாம் தொடாமல் விட்டால் வழக்கமாக ஸ்க்ரிப்டே, பிழைதேட உதவும் ஜி, மேம்படுத்தலின் இரண்டாம் படியான ஓ2 இரண்டையும் போட்டுக்கொள்ளும். நாம் ஏதாவது எழுதினால், அவர் பார்த்துக்கொள்வார் என்று ஒதுங்கிவிடும். ஆகவே சிஃப்ளாக்ஸில் மார்ச்=நேட்டிவ் மட்டும் எழுதி என்டர் தட்டினால் ஓ2 போய்விடும். ஜிசிசி கம்பைலர் எந்த மேம்படுத்தலும் செய்யாமல் ஓ0-வில் கம்பைல் செய்யும். வேகத்துக்காக எழுதிய ஒற்றைச் சொல்லால் மென்பொருள் நத்தையாகிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால் யாருக்கும் தெரியவும் தெரியாது. டெபியன்காரர்கள் தம் பொட்டலங்களுக்குச் சேர்க்கும் ஸ்டேக்-ப்ரொடெக்டர், ஃபார்ட்டிஃபை-சோர்ஸ் போன்ற காவல் ஃப்ளாக்குகளும் தனியே கம்பைல் செய்யும்போது தானாக வந்து சேர்வதில்லை.

எல்லாவற்றிலும் மோசம் ஃபாஸ்ட்-மேத். பேச்சிப்பாறை அணைப்பகுதியின் தினசரி மழையளவை வைத்து ஒருவர் சராசரி கணக்கிடுகிறார் என்று வையுங்கள். அளவு பதியாத நாளுக்கு ‘நான்’, அதாவது ‘எண் அல்ல’ என்ற குறி இருக்கும். அந்தக் குறி வந்தால் தள்ளிவிடு என்று நிரலில் ஒழுங்காகவே எழுதியிருக்கிறார். ஃபாஸ்ட்-மேத் கொடுத்ததும் கம்பைலர், அப்படி ஒரு குறி வரவே வராது என்று நம்பி அந்தச் சோதனையைத் தூக்கிவிடும். விடுபட்ட ஒரே ஒரு நாளால் முழு ஆண்டின் சராசரியும் ‘நான்’ ஆகிவிடும். இதாவது கண்ணில் படும் தவறு. கூட்டல் வரிசை மாறுவதால் கடைசி இலக்கங்களில் வரும் பிசகை யார் கண்டுபிடிப்பது? ஓஃபாஸ்ட் என்ற ஃப்ளாக் இந்த ஃபாஸ்ட்-மேத்தைத் தன் மடியில் கட்டிக்கொண்டுதான் வருகிறது. பெயரில் மயங்கிப் போடுகிறவர்களுக்கு அது தெரிவதில்லை. தம் ரிசல்ட்டை இன்னொருவர் நம்பப்போகிறார் என்றால் இந்த இரண்டையும் தொடக்கூடாது என்பேன்.

இந்த ஃப்ளாக் பழக்கத்துக்குக் கோயில் கட்டியவர்கள் ஜென்டூ லினக்ஸ்காரர்கள். 2002-ல் முதல் பதிப்பு வந்தது முதல் எல்லா மென்பொருளையும் அவரவர் கணினியிலேயே கம்பைல் செய்வது அவர்கள் மரபு. லூப்புகளை விரித்தெழுதச் சொல்லும் ஃபன்ரோல்-லூப்ஸ் என்ற ஃப்ளாக்கின் பெயரைச் சொல்லியே அவர்களைக் கேலி செய்த காலம் உண்டு. அந்த ஜென்டூவின் கையேடே ஓ2-வைத்தான் பரிந்துரைக்கிறது. 2023 டிசம்பரில் அவர்களும் ஆயத்தப் பொட்டலங்களைப் பெருமளவில் தரத் தொடங்கிவிட்டார்கள். வேகம் உண்மையிலேயே தேவைப்படும் இடங்களில் மென்பொருள் எழுதியவர்கள் முன்பே உழைத்துவிட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். வீடியோ, ஆடியோ கோப்புகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் ஓடத் தொடங்கும்போதே ப்ராசஸரைப் பார்த்து, அதற்கேற்ற அசெம்பிளி நிரலைத் தேர்ந்துகொள்கிறது. அதற்கு நாம் ஓ3 போட்டு என்ன கூடிவிடப் போகிறது? ஜிசிசியும் 2022-ல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து ஓ2-விலேயே, பல எண்களை ஒரே வீச்சில் கையாளும் வெக்டர் வேலையை ஓரளவு செய்துவிடுகிறது.

ஃப்ளாக் எழுதும் பழக்கத்தை நான் ஆதரிப்பது வேறொரு காரணத்துக்காக. வால், எக்ஸ்ட்ரா என்ற எச்சரிக்கை ஃப்ளாக்குகளும், நினைவகத்தில் எல்லை தாண்டினால் எந்த வரியில் தாண்டினோம் என்று காட்டிக்கொடுக்கும் சானிட்டைஸ்=அட்ரஸும் நிரலின் ஓட்டையைக் காட்டுகின்றன. சானிட்டைஸ் போட்டால் வேகம் பாதியாகக் குறையலாம். குறையட்டும், சோதிக்கும்போது மட்டும்தானே. சி படிக்கும் மாணவருக்கு ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்ற ஊமைச் செய்தியோடு இரவெல்லாம் மல்லுக்கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். லேப் கையேடுகளில் முதலில் ஏற வேண்டியவை இவைதான்.

வேகத்துக்காகத்தான் போடுகிறேன் என்பவர்கள் ஒன்று செய்யுங்கள். ஓ2-வில் கம்பைல் செய்து டைம் கட்டளையால் சில தடவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு ஃப்ளாக்கை மட்டும் சேர்த்து மறுபடி அளந்து பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் அந்த ஃப்ளாக்கை எடுத்துவிடுங்கள்.