அறையிசையும் அரசதிகாரமும்

இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கு தந்திக் கருவிகளுக்கான இசைவடிவம் ஸ்ட்ரிங் குவார்டெட். ஐரோப்பிய அறையிசையின் தலையாய வடிவம் இதுதான். மாளிகைக் கூடங்களில் அதற்குப் படியளந்தவர்கள் பிரபுக்கள் என்பதால், அதிகாரத்தோடு அதன் முதல் உறவு விசுவாசமாகவே இருந்தது.

பிரான்சோடு ஆஸ்திரியா போரிட்டுக்கொண்டிருந்த 1797இல் ஜோசப் ஹைடன் பேரரசர் பிரான்சிஸுக்கு ஒரு வாழ்த்துப் பாடல் இசையமைத்தார். அதே மெட்டைத் தம் 'எம்பரர்' குவார்டெட்டின் இரண்டாம் பகுதியிலும் வைத்தார். அங்கே மெட்டு குலையாமல் இரண்டாம் வயலின், செல்லோ, வியோலா, முதல் வயலின் என்று கைமாறிச் செல்ல, சுற்றியிருக்கும் குரல்கள்தான் மாறுகின்றன. பேரரசு போய்விட்டது, மெட்டு இன்று ஜெர்மனியின் தேசிய கீதம்.

நெப்போலியன் முடிசூடப்போகும் செய்தி கேட்டு, பீத்தோவன் தம் மூன்றாம் சிம்பொனியின் முகப்பிலிருந்து அவர் பெயரை நீக்கியது 1804இல். அந்த நினைவை 1942இல் அறையிசைக்குள் கொண்டுவந்தவர் ஆர்னோல்ட் ஷோன்பெர்க். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் பெர்லினை விட்டு வெளியேறிய யூதர் அவர். நெப்போலியனின் வீழ்ச்சியைச் சாடி பைரன் எழுதிய கவிதையை ஒருவர் உரத்துச் சொல்ல, குவார்டெட்டும் பியானோவும் உடன் ஒலிக்கும் அந்தப் படைப்பின் குறி ஹிட்லர். அது வந்து நிற்கும் இறுதிச் சுரக்கூட்டு, பீத்தோவனின் அதே சிம்பொனிக்குரிய இ ஃபிளாட் மேஜர்.

இன்னொரு யூத இசையமைப்பாளரான கிதியோன் க்ளைனுக்கோ தப்பிச் செல்ல வழி இருக்கவில்லை. நாஜிகளின் தெரேசியென்ஷ்டாட் முகாமில் 1944 அக்டோபரில் தம் தந்தி மூவர் இசையை முடித்தார். அதன் நடுப்பகுதி ஒரு மொராவிய நாட்டுப்பாடலின் மேல் கட்டப்பட்டது. சில நாட்களில் அவரை அவுஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். அப்போது வயது 24.

அறையிசைக்கும் அதிகாரத்துக்குமான உறவில் ஆழமாக ஆராய வேண்டியவர் சோவியத் இசையமைப்பாளர் திமித்ரி ஷோஸ்டகோவிச். 1936இல் அவருடைய ஆபெராவைக் கம்யூனிஸ்ட் கட்சியின் 'பிராவ்தா' நாளேடு கண்டித்தது. 1948இல் கட்சித் தீர்மானம் மீண்டும் சாடியது, ஆசிரியப் பணியும் பறிபோனது. சிம்பொனிக்கு நூறு பேரும் பெரிய அரங்கும் வேண்டும். குவார்டெட்டுக்கு நம்பகமான நால்வர் போதும். யூத இசையின் சாயல் படிந்த நான்காம் குவார்டெட்டை 1949இல் எழுதி வைத்துக்கொண்டார். அது மேடையேறியது ஸ்டாலின் இறந்த பிறகு, 1953 டிசம்பரில்.

எட்டாம் குவார்டெட் 1960 ஜூலையில் டிரெஸ்டன் அருகே மூன்று நாட்களில் எழுதப்பட்டது. கம்யூனிஸ்ட் கட்சியில் அவர் சேர்ந்த ஆண்டும் அதுவே. பாசிசத்துக்கும் போருக்கும் பலியானவர்களுக்குக் காணிக்கை என்பது அதன் பொது அறிவிப்பு. நண்பருக்கு எழுதிய கடிதத்திலோ, தாம் இறந்தால் தம் நினைவாக எழுத யாரும் இல்லை என்று எண்ணி, தாமே எழுதியதாகக் குறிப்பிட்டார். இரண்டில் ஒன்றைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. படைப்பு தொடங்குவதே டி, இ ஃபிளாட், சி, பி என்ற நான்கு சுரங்களில்தான். ஜெர்மன் வழக்கில் இவற்றின் பெயர்கள் அவர் பெயரின் எழுத்துகளாகும். ஐந்து பகுதிகளும் இடைவெளியின்றி ஓடுகின்றன; அவருடைய பழைய படைப்புகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன. நான்காம் பகுதியில் மூன்று மூன்றாக விழும் தந்தி அடிகளைச் சிலர் குண்டுவீச்சாகவும், சிலர் நள்ளிரவில் கதவைத் தட்டும் ஓசையாகவும் கேட்கிறார்கள். கடைசிப் பகுதியில் எஞ்சுவது அந்த நான்கு சுரங்கள். அவையும் மெல்லத் தேய்ந்து அடங்குகின்றன.