பண்ணை நினைவுகளும் நிலத்தின் சாட்சியமும்

பால்யகால நினைவுகள் களங்கமற்றவை என்றும், ஆதலின் தன்வரலாற்று நூல்களைச் சமுதாய நோக்கில் ஆராய்வது பொருந்தாதென்றும் கூறுவோர் நம்மிடையே உளர். வெள்ளைக் குடியேறியின் மகள் எழுதிய நூலில் நாம் கற்பதற்கு யாதுமில்லை எனத் தள்ளிவிடும் அவசரக்காரரும் உளர். இவ்விரு கூற்றுக்களையும் உரைத்துப் பார்ப்பதற்கு ஆபிரிக்காவின் தென்பகுதியிலிருந்து எழுந்த இரு நூல்கள் உதவுகின்றன. ஒன்று டொரிஸ் லெஸிங்கின் 'அண்டர் மை ஸ்கின்' (1994). மற்றது எஸ்கியா இம்பலேலேயின் 'டவுன் செக்கண்ட் அவெனியூ' (1959). இருவரும் 1919 ஆம் ஆண்டிற் பிறந்தவர்கள். இருவரும் ஐந்து வயதளவில் நாட்டுப்புறத்துக்குக் கொண்டு செல்லப்பட்டவர்கள். ஒப்புமை ஏறத்தாழ இத்துடன் முடிகிறது.

பாரசீகத்திற் பிறந்த லெஸிங்கைப் பெற்றோர் 1925 இல் தென் ரொடீசியாவுக்கு, அதாவது இன்றைய சிம்பாப்வேக்கு, அழைத்து வந்தனர். முதலாம் உலகப் போரில் ஒரு காலை இழந்த தந்தை சோளப் பயிர்ச்செய்கையாற் செல்வம் திரட்டலாமென நம்பினார். செல்வம் வரவில்லை; கடனே வளர்ந்தது. குன்றின்மேல் மண்ணாலும் புல்லாலும் கட்டிய வீட்டையும், தாயின் பியானோவையும், சுற்றியிருந்த காட்டையும் லெஸிங் தீட்டும் அழகு நம்மைக் கவர்கின்றது. அவ்வழகை மறுப்பது விமர்சனமாகாது. ஆயின் அக்குன்று எவருடையது என்ற வினாவை எழுப்பாது விடுவதும் விமர்சனமாகாது.

1930 ஆம் ஆண்டின் நிலப் பங்கீட்டுச் சட்டம், அந்நாட்டின் ஏறத்தாழ 9 கோடி 60 இலட்சம் ஏக்கரில் 4 கோடி 90 இலட்சம் ஏக்கரை, ஐம்பதினாயிரம் பேரளவினரான வெள்ளையருக்கு ஒதுக்கியது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட ஆபிரிக்கருக்கென விடப்பட்ட ஒதுக்கிடங்கள் இதன் பாதியளவையும் எட்டவில்லை. நிலம் சுருங்கியது ஒருபுறம். பணமாகச் செலுத்தவேண்டிய வரி மறுபுறம். இவ்விரண்டுமே ஆபிரிக்கனைப் பண்ணைக் கூலியாக்கின. லெஸிங் குடும்பத்தின் வறுமை மெய்யானது. எனினும் அது பறித்த நிலத்தின்மீது நின்ற வறுமை.

லெஸிங் இதனை அறியாதவரல்லர். 1950 இல் வெளிவந்த தமது முதல் நாவலிலேயே பண்ணை வாழ்வின் கொடுமையை அவர் அம்பலப்படுத்தினார். 1956 இல் அந்நாட்டுக்குச் சென்று திரும்பியபின், மீண்டும் நுழையத் தடைவிதிக்கப்பட்டார். ஏக்கத்தை மட்டும் விற்பனை செய்யும் குடியேறிகளின் நினைவு நூல்களிலிருந்து அவரை வேறுபடுத்துவது இந்த நேர்மையே. ஆயினும் பெற்றோரின் தோல்விகளை முழுமையாக வார்த்த அதே பேனா, வயலில் உழைத்த மனிதரைத் தொலைவில் அசையும் உருவங்களாகவே விட்டுவிடுகின்றது. இதனைத் திறமைக் குறைவென நாம் கொள்ளவில்லை. வீடு குன்றின்மேலும் கூலிகளின் குடிசைகள் அப்பாலும் இருந்தன. வெள்ளையர் அவர்களுடன் பேசியது பெரும்பாலும் ஏவுதற்கென்றே அமைந்த கலப்பு மொழி. கட்டளையிட மட்டும் கற்பிக்கப்பட்ட குழந்தை, பிறர் வாழ்வை எவ்வாறு கேட்டறியும்?

இம்பலேலே திரான்ஸ்வாலின் வடபால் மௌபனெங் என்னும் சிற்றூரில், கண்டிப்பு மிக்க பாட்டியிடம் வளர்ந்து, ஆடு மாடு மேய்த்தவர். தென்னாபிரிக்காவின் 1913 ஆம் ஆண்டு நிலச்சட்டம் ஆபிரிக்கருக்கு ஒதுக்கியது ஏறத்தாழ நூற்றுக்கு 7 வீதம். 1936 இல் அது 13 வீதமளவுக்கு உயர்த்தப்பட்டது. அத்தகைய நெருக்கடியில் வளர்ந்த சிறுவனின் நினைவில் கிராமம் பொற்காலமாக அமையவில்லை. முதியோர் தீயருகே கூறிய கதைகளின் இதம் உண்டு. அதனினும் மேலாக அச்சமும் பசியும் உண்டு. மலையைத் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அது காட்சி. அதன் அடிவாரத்தில் மந்தை மேய்ப்பவனுக்கு அது வேலைத்தலம். பின்னர் பிரிட்டோரியாவின் மறபஸ்தாட் சேரியில், வெள்ளையர் வீடுகளுக்குச் சலவைத்துணி சுமந்து கற்று, ஆசிரியரான அவர், பண்டுக் கல்வித் திட்டத்தை எதிர்த்தமைக்காக 1952 இல் பதவி நீக்கப்பட்டார். 1957 இல் நைஜீரியாவுக்குச் சென்றார். நாட்டை விட்டகன்றபின் வெளிவந்த நூல் இது என்பதை ஆசிரியர்களாகிய வாசகர் சிறப்பாக நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஆனால் இம்பலேலேயும் நமது தேவை முழுவதையும் நிறைவு செய்யவில்லை. அவரது நூலின் பெரும்பகுதி நகரத்துக்குரியது. வெள்ளையன் பண்ணையிலேயே பிறந்து, அங்கேயே உழைத்து முதிர்ந்தவனின் குரல் இரண்டிலும் இல்லை. எழுத்தறிவும் ஓய்வும் மறுக்கப்பட்டவன் தன்வரலாறு எழுதுவதெங்ஙனம்? காஸ் மெய்ன் (1894–1985) என்னும் வாரக் குடியானவரிடம் நீண்டகாலம் கேட்டறிந்து, சார்ள்ஸ் வான் ஒன்செலன் 1996 இல் வெளியிட்ட பெருநூல் இக்குறையை ஓரளவு போக்கிற்று.

1980 இல் சிம்பாப்வேயும் 1994 இல் தென்னாபிரிக்காவும் விடுதலை பெற்றன. 2000 ஆம் ஆண்டில் தொடங்கிய நிலக் கைப்பற்றலின் பின், இழந்த பண்ணைகளைப் பற்றிய வெள்ளையரின் நினைவு நூல்கள் மேலைநாடுகளிற் பரவலாகப் படிக்கப்பட்டன. இழப்பின் துயரை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால் அதற்கு முன்னரே அந்நிலத்தை இழந்தவர்களின் துயர் எந்த நூலில் உள்ளது என்று கேட்கும் உரிமை வாசகனுக்கு உண்டு. லெஸிங்கைப் படிப்போம், இம்பலேலேயை அருகில் வைத்துப் படிப்போம், மூன்றாவது நூலொன்றின் இடம் இன்னும் பெரிதும் வெறுமையாகவே கிடக்கின்றது என்பதையும் மாணவருக்குச் சொல்வோம்.