கடைக்காப்பும் இலச்சினையும்: தொலைக்காட்சித் தயாரிப்பாளர் முத்திரைகள் பற்றிய ஓர் ஆய்வு

திருஞானசம்பந்தரின் பதிகங்களில் ஈற்றில் நிற்கும் பாடல், பெரும்பாலும் அவர்தம் பெயரைத் தாங்கித் திருக்கடைக்காப்பு என வழங்கும். அப்பெயர் பாட்டின் புறத்தே ஒட்டப்பட்டதன்று; பாட்டின் ஓசைக்கும் பொருளுக்கும் உட்பட்டு வருவது. ஆக்கியோன் தன் ஆக்கத்தில் இடும் முத்திரை எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த அளவுகோல் வேண்டியதில்லை. சென்ற நூற்றாண்டில் வளர்ந்த தொலைக்காட்சிக் கலையிலும் இத்தகைய முத்திரை ஒன்று உண்டு. நிகழ்ச்சி முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடியபின் சில விநாடிகள் தோன்றி மறையும் தயாரிப்பு நிறுவனத்தின் இலச்சினையே அது. சிறிதென இகழ்ந்து விடத்தக்கதன்று. அதற்கும் வரலாறும் வனப்பும் உள.

அதன் தொடக்கத்தை ஐக்கிய அமெரிக்காவில் 1950களிற் காணலாம். 1951 இல் தொலைக்காட்சிக்கு வந்த 'டிராக்னெற்' எனும் துப்பறியும் தொடரை ஆக்கிய ஜாக் வெப், மார்க் செவன் எனும் தம் நிறுவனத்துக்குச் சுத்தியலை இலச்சினையாக்கினார். தொழிலாளி ஒருவனின் கைகள் சுத்தியலை ஓங்கி அறைய, உரோம முறையில் எழுதப்பட்ட ஏழு எனும் எண் பொறிக்கப்படும். ஆரவாரமற்ற நடையில் உண்மைச் செய்தியைச் சொல்லும் அத்தொடருக்கு அந்த உலோக ஓசை முற்றும் பொருந்தியது.

1970 இல் அந்நாட்டின் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு ஒரு விதி செய்தது. மூன்று பெரும் ஒளிபரப்பு வலையமைப்புகளும் பிறர் ஆக்கிய நிகழ்ச்சிகளின் உரிமையிலும் மறுஒளிபரப்பு விற்பனையிலும் பங்குகொள்வதை அவ்விதி கட்டுப்படுத்தியது. அதனால் தனித் தயாரிப்பாளர் தலையெடுத்தனர். நிகழ்ச்சி எந்த நிலையத்தில் மீண்டும் ஒளிபரப்பாயினும், அதனை ஆக்கியவர் யாரென உரைக்கும் பொறுப்பு இலச்சினைக்கு வந்தது.

இலச்சினைகள் யாவும் ஒரே தரத்தன அல்ல. ஸ்கிறீன் ஜெம்ஸ் நிறுவனம் 1965 இல் வெளியிட்ட இலச்சினையை முதலில் நோக்குக. இரு பட்டைகள் ஒரு புள்ளியைச் சூழ்ந்து நிறுவனப் பெயரின் முதலெழுத்தாகின்றன. வரைகலை நோக்கிற் சிக்கனமும் செம்மையும் மிக்கது. எனினும் எரிக் சைடே அமைத்த மின்னிசைச் சுரங்கள் கடுமையாய் ஒலித்தன. 'பீவிற்ச்ட்' போன்ற நகைச்சுவைத் தொடரைக் கண்டு சிரித்த சிறுவர், அதன் ஈற்றில் அவ்விசை கேட்டு அஞ்சினர். அவ்வச்சத்தைப் பொருளாகக்கொண்டு 2010 இல் ஒரு குறும்படமே எழுந்தது. சுவைக்குப் புறம்பான முத்திரை எத்துணைச் செம்மையாக வரையப்படினும் ஆக்கத்தினின்றும் பிரிந்தே நிற்கும் என்பதற்கு இதுவே சான்று.

மேரி ரைலர் மூரும் கிராண்ட் ரிங்கரும் 1969 இல் நிறுவிய எம். ரி. எம். நிறுவனத்தின் இலச்சினையோ இதற்கு மறுதலையானது. எம். ஜி. எம். திரைப்பட நிறுவனத்தின் சிங்கம் கர்ச்சிக்கும் வட்டத்துள், இங்கே ஒரு பூனைக்குட்டி மெல்லக் கத்துகின்றது. பெரியதைப் பார்த்துச் சிறியது செய்யும் இன்னகை அது. 'ஹில் ஸ்ரீற் புளூஸ்' எனும் காவலர் தொடரில் அப்பூனை காவலர் தொப்பி அணிந்தது. 'சென்ற் எல்ஸ்வேர்' எனும் மருத்துவமனைத் தொடர் 1988 இல் முடிவுற்றபோது, பூனை நோயாளியாய்க் கிடக்க, இதயத்துடிப்பைக் காட்டும் கோடு ஈற்றில் நேராயிற்று. இலச்சினை மாறாதிருத்தலே முறை என்பார் உளர். வட்டமும் பூனையும் மாறவில்லை. கோலம் மட்டுமே கதைக்கேற்ப மாறியது. அடையாளமும் இழக்கப்படவில்லை, சுவையும் குன்றவில்லை.

'தி ஏ-ரீம்' முதலிய தொடர்களை ஆக்கிய எழுத்தாளர் ஸ்ரீவன் ஜே. கனெலின் இலச்சினையும் போற்றத்தக்கது. அவரே தட்டச்சுப் பொறியில் எழுதி, தாளை உருவி எறிய, அத்தாள் பறந்து எழுத்துருவாகின்றது. தொடரின் மூலம் ஒருவன் அமர்ந்து எழுதிய தாள் என்பதை அது ஒவ்வொரு வாரமும் நினைவூட்டியது.

இம்முத்திரைக்குரிய விநாடிகள் பின்னர் குறுகின. 1994 இல் என். பி. சி. வலையமைப்பு பெயர்ப்பட்டியலைத் திரையின் ஓரத்துக்கு ஒதுக்கி, எஞ்சிய இடத்தில் அடுத்த நிகழ்ச்சிக்கு விளம்பரம் காட்டத் தொடங்கியது. 1970 இன் விதியும் 1995 இல் முற்றாக நீங்கியது. 2012 இல் நெற்பிளிக்ஸ், பெயர்ப்பட்டியல் முடியுமுன்னரே அடுத்த பகுதி தானே தொடங்கும் வழக்கத்தைப் புகுத்தியது. காண்போன் காத்திருக்க விரும்பான் என்பது வணிகர் கூறும் காரணம். அது பொய்யன்று, ஆயினும் முழுமையுமன்று. காண்போன் காத்திராதது முத்திரை வெற்றோசையாய் நின்றவிடத்தேதான்; பூனை என்ன கோலத்தில் வரும் எனக் காத்திருந்தோரும் உண்டு.

ஆகவே, முத்திரை நிலைபெறுவது அதன் வரைவழகால் மாத்திரம் அன்று, ஆக்கத்தோடு அது கொண்ட உறவாலேயாம். ஆக்கியோன் பெயரை மறைக்கும் கலை, காலப்போக்கில் ஆக்கியோன் பொறுப்பையும் மறைத்துவிடும். கடைக்காப்புப் பாடலை நீக்கினால் பதிகம் பத்தாகக் குறைவது மாத்திரமன்று; பாடியவர் யாரென்பதும் உடன் மறையும்.