ஐந்து ஒலிம்பிக், ஒரே மல்லன்

2024 ஆகஸ்ட் 6 இரவு நம்மூரில் மல்யுத்தம் பார்க்க உட்கார்ந்தவர்களில் பெரும்பாலானோர் வினேஷ் போகட்டுக்காகத்தான் விழித்திருந்திருப்பார்கள். நானும் அப்படித்தான். பாரிஸில் அவர் கியூபாவின் குஸ்மானை 5-0 என்று வீழ்த்தி இறுதிச்சுற்றுக்குள் நுழைந்ததும் பலர் டிவியை அணைத்துவிட்டுப் படுத்திருக்கக்கூடும். (மறுநாள் நூறு கிராம் கூடுதல் எடையால் அவர் தகுதியிழந்த கொடுமையைப் பேச ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை போதாது.) அணைக்காமல் இருந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அதே அரங்கில், அதே இரவில், மிஹாயின் லோபஸ் கோதாவில் இறங்கினார்!

130 கிலோ பிரிவு, கிரேக்க-ரோமன் பாணி. இரண்டு வாரம் போனால் 42 வயது. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மூன்று ஆண்டுகளில் சர்வதேசப் போட்டி பக்கமே தலைகாட்டாதவர். நேராக பாரிஸுக்கு வந்தார், காலிறுதியில் 2023-இன் உலக சாம்பியன், ஈரானின் அமீன் மிர்சாசாதேயை 3-1 என்று அடக்கினார், இறுதியில் 6-0. பெய்ஜிங், லண்டன், ரியோ, டோக்கியோ, பாரிஸ். ஒரே தனிநபர் போட்டியில் அடுத்தடுத்து ஐந்து ஒலிம்பிக் தங்கம். கார்ல் லூயிஸுக்கு நீளம் தாண்டுதலில் நான்கு, ஆல் ஓர்ட்டருக்கு வட்டெறிதலில் நான்கு, ஃபெல்ப்ஸுக்கு 200 மீட்டர் தனிநபர் மெட்லியில் நான்கு. ஐந்து என்ற எண்ணைத் தொட்ட முதல் ஆள் இந்தக் கியூபாக்காரர்தான். அப்படியே விரிப்பில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி நடுவில் வைத்துவிட்டார். மல்லர்கள் ஓய்வை அறிவிக்கும் முறை அது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது என்று சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

'இதில் ரசிக்க என்ன இருக்கிறது, இரண்டு மலைமாதிரி ஆட்கள் கட்டிப்பிடித்துத் தள்ளிக்கொண்டு நிற்கிறார்கள்' என்பார்கள். இருக்கிறது ஐயா! கிரேக்க-ரோமனில் இடுப்புக்குக் கீழே கை போகக் கூடாது. காலைப் பிடிப்பது, காலால் தட்டிவிடுவது எதுவும் கிடையாது. மார்பு, தோள், அக்குள், கழுத்து, அவ்வளவுதான் களம். ஒதுங்கி ஒதுங்கி ஆடினால் நடுவர் தண்டிப்பார்: எதிராளிக்கு ஒரு புள்ளி போகும், ஒதுங்கியவர் தரையில் குப்புறக் கிடக்க வேண்டும். மேலே இருப்பவர் இடுப்பைச் சுற்றிக் கைகளைப் பூட்டி அவரை உருட்ட முயல்வார். ஒரு உருட்டலுக்கு இரண்டு புள்ளி.

லோபஸின் மேதைமை இங்கேதான். அவர் மேலே இருந்தால் அந்தப் பூட்டு விழுந்த கணமே கீழே இருப்பவரின் முகம் மாறிவிடும். அவர் கீழே இருந்தாலோ, ஆலமரத்து வேரைப் பிடுங்கப் போன கதைதான். டோக்கியோவில் நான்கு ஆட்டம் ஆடி ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. ஒன்றுகூட! அந்த அரையிறுதியில் எதிரே நின்றவர் துருக்கியின் ரிஸா கயால்ப். சாதாரண ஆளா? 2011, 2015 உலகப் போட்டிகளின் இறுதியில் லோபஸையே தோற்கடித்தவர். ஆனால் ஒலிம்பிக் என்று வந்தால் ரியோ இறுதியில் 6-0, டோக்கியோவில் 2-0, இரண்டிலும் லோபஸ். உலகப் போட்டியில் அவ்வப்போது சறுக்கினாலும் (அங்கேயும் ஐந்து தங்கம் இருக்கிறது, அது வேறு) நான்காண்டுக்கு ஒருமுறை வரும் அந்த ஒரு நாளில் மட்டும் இந்த மனிதர் வேறு பிறவி எடுப்பார்.

பினார் தெல் ரியோ மாகாணத்தில் எர்ரதூரா என்ற சிற்றூர்தான் சொந்த மண். அண்ணன் மிஷெல் குத்துச்சண்டைக்காரர், 2004 ஏதென்ஸில் வெண்கலம் வாங்கினார். அதே ஏதென்ஸில் தம்பிக்குப் பதக்கமில்லை. ரஷ்யாவின் ஹசன் பரோயெவிடம் தோற்றார். நான்கு ஆண்டு கழித்து பெய்ஜிங் இறுதியில் அதே பரோயெவைச் சாய்த்துத்தான் இந்த ஐந்தின் கணக்கே தொடங்கியது.

பாரிஸ் இறுதியில் எதிரே நின்ற யஸ்மானி அகோஸ்டாவும் கியூபாவில் பிறந்தவர்தான். லோபஸோடு பயிற்சி எடுத்தவர். லோபஸ் இருக்கும்வரை அந்த எடைப்பிரிவில் கியூபாவின் இடம் வேறு யாருக்கும் கிடைக்காது என்ற நிலை. 2015-இல் சிலிக்குப் போட்டிக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார், பிறகு அந்த நாட்டுக்காக ஆடினார். யாருடைய நிழலிலிருந்து தப்பிக்க நாட்டையே விட்டுப் போனாரோ, அவரே ஒலிம்பிக் இறுதியில் வந்து நிற்கிறார்! சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம். அகோஸ்டா வென்றிருந்தால்கூட எனக்குப் பெரிய வருத்தம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். இல்லை, பொய். இருந்திருக்கும்.

ரஷ்ய மல்லர் கரேலின்தான் பெரியவர் என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. மூன்று தங்கம், எதிராளியை அப்படியே தலைகீழாகத் தூக்கி எறியும் அந்த வீச்சு, எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்காவதைத் தேடி சிட்னிக்கு வந்தபோது ரூலன் கார்ட்னரிடம் தோற்றாரா இல்லையா? முதலில் லோபஸின் ரியோ இறுதியைப் பாருங்கள், பிறகு டோக்கியோவில் கயால்ப் தலையால் முட்டி முட்டியும் நகர்த்த முடியாமல் தவித்த அந்த ஆறு நிமிடங்களைப் பாருங்கள். அதற்கப்புறமும் கரேலின் என்றால் வாருங்கள், விடிய விடிய பேசலாம். டீ என் செலவு.