அறுபட வேண்டிய இடம்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத் தென்கரையை ஒட்டி மெக்சிக்கோ வளைகுடாவில் நீண்டு கிடக்கும் பாட்ரே தீவில், 1962ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசியக் கடற்கரையாகக் காக்கப்படும் பகுதி, நூறு கிலோமீட்டருக்கும் மேலாகப் பெரும்பாலும் கட்டடங்களற்ற வெறும் மணலாக இருக்கிறது. அந்த மணலுக்கு முன்னால் கடலடியில், கரைக்கு இணையாக ஒன்றன்பின் ஒன்றாக மணல்திட்டுகளும் அவற்றுக்கிடையே பள்ளங்களும் ஓடுகின்றன. அங்குள்ள தூண்டில்காரர்கள் அவற்றை முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என எண்ணியே பேசுவார்கள். சிறுமீன்கள் பள்ளங்கள் வழியே நகர, அவற்றைத் தேடிவரும் காளைச்சுறா, புலிச்சுறா, தமிழகக் கடற்கரையில் கொம்பன் சுறா என்று சொல்லப்படும் சுத்தியல் தலைச் சுறா ஆகிய பெருஞ்சுறாக்கள் மூன்றாம் திட்டுக்கு அப்பால் சுற்றுகின்றன. எவ்வளவு வலிய கை வீசினாலும் இரை அங்கே போய்ச் சேராது. ஆகவே கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் இரையை ஏற்றிச் சென்று, கரையிலிருந்து முந்நூறு, நானூறு மீட்டர் தொலைவில் போட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். மீன் மாட்டியபின் அது ஓடுவது அந்தத் தொலைவுக்கும் அப்பால்தான்.

படகிலிருந்து பிடிப்பவருக்கும் கரையிலிருந்து பிடிப்பவருக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இங்கேதான் இருக்கிறது. படகுக்காரர் நூல் தீரும் நிலை வந்தால் இயந்திரத்தை முடுக்கி மீனைப் பின்தொடர்ந்துவிடலாம். கரையில் நிற்பவருக்கு அந்த வசதி கிடையாது, சுருளில் இருக்கும் நூலே அவருடைய கைம்முதல். அதனால் கரைச் சுறாவுக்கான கருவிகளைத் தேர்பவர்கள் முதலில் வலிமையைப் பற்றிப் பேசுவது இயல்பே. ஆனால் இந்தக் கலையில் தேர்ந்த கண், எது வலியது என்று பார்ப்பதைவிட, எது முதலில் அறுபட வேண்டும் என்றே பார்க்கிறது. முள், கம்பி, நரம்பு, முடிச்சு, ரீல் என்று தொடரும் வரிசையில் ஏதோ ஓரிடம் மற்றவற்றைவிட மெலிந்தே தீரும். அந்த இடம் மீனுக்கு அருகில் அமைந்தால் சுறா சில முழக் கம்பியோடு தப்பிப் போகும், ரீலுக்கு அருகில் அமைந்தால் பல நூறு மீட்டர் நூலை இழுத்துக்கொண்டே அலையும். கெம்ப் ரிட்லி என்னும் அருகிவரும் கடலாமைகள் முட்டையிட ஏறிவரும் கரையில் இரண்டாவது வகை விபத்து சுறாவோடு முடிவதில்லை. மெலிவை எங்கே வைப்பது என்று தீர்மானித்துவிட்டுப் பின்னோக்கி மற்ற உறுப்புகளைத் தேர்வதே நல்ல தேர்வு.

ரீல்களில் இன்றும் பற்றோடு பேசப்படுவது பென் நிறுவனத்தின் செனட்டர். ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஓட்டோ ஹென்ஸே 1932இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய அந்நிறுவனம் 1936இல் வெளியிட்ட இந்த ரீல், கருஞ்சிவப்புப் பக்கத்தகடுகளும் பளபளக்கும் உலோக வளையங்களுமாக, அழகுக்கென்று எதையும் கூட்டாமலே அழகாக இருப்பது. திருகாணி முடுக்கியும் ஒரு சாவியும் இருந்தால் வண்டியின் பின்பலகையிலேயே பிரித்து, மணலைத் துடைத்து, மசகிட்டுப் பூட்டிவிடலாம் என்பதுதான் அதன் மேல் உள்ள காதலுக்கு உண்மையான காரணம். மணலும் உப்புக்காற்றும் சேர்ந்த இடத்தில் பழுதுபார்க்கும் எளிமைக்கு ஈடான நற்பண்பு வேறில்லை. 9/0, 12/0, 14/0, 16/0 என எண் கூடக்கூட ரீலின் கொள்ளளவு கூடும்.

செனட்டரின் கைப்பிடியடியில் நட்சத்திர வடிவில் இருக்கும் சக்கரம் டிராக் எனப்படும் தடையமைப்பை முடுக்குவது. மீன் ஓடும்போது நூல் கட்டுப்பாட்டோடு வெளியேறும்படி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வட்டத்தகடுகளின் உராய்வால், நூல் சுற்றிய உருளையைப் பிடித்துவைப்பதே தடை. கலிஃபோர்னியாவின் சான்டா கட்டலினா தீவில் மீன்பிடித்த வில்லியம் போஷன் என்னும் தூண்டில்காரரும் ஜூலியஸ் வோம் ஹோஃப் என்னும் ரீல் செய்பவரும் சேர்ந்து 1913ஆம் ஆண்டையொட்டி இந்த அமைப்பை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கு முன், உருளையின் மேல் ஒரு தோல்பட்டையைக் கட்டைவிரலால் அழுத்தித்தான் பெருமீனை நிறுத்த வேண்டியிருந்தது. மீன் ஓடும்போது கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரல்களை உடைத்த காலம் அது. பின்னர் வந்த லீவர் டிராக் அமைப்பில் சக்கரத்துக்குப் பதிலாக ஒரு நெம்புகோல் வில்வடிவப் பாதையில் நகர்கிறது. அதன் சிறப்பு, தடையின் அளவைக் கரையிலேயே தராசு மாட்டி அளந்து, நெம்புகோலின் ஒவ்வொரு நிலைக்கும் எத்தனை கிலோ என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடிவதுதான். மீன் மாட்டிய பதற்றத்தில் நட்சத்திரச் சக்கரத்தை எத்தனை பல் திருப்பினோம் என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை. பழைய செனட்டரின் மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும், இந்த ஒரு காரணத்துக்காக லீவர் டிராக்கே மேல் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தடையை நரம்பின் அறுவலிமையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக்கு நிறுத்துவது வழக்கம். 80 பவுண்டு, அதாவது சுமார் 36 கிலோ தாங்கும் நரம்புக்கு 12 கிலோ. மீதி இருபத்துநான்கு கிலோ எதற்கு வீணாக ஒதுக்கப்படுகிறது என்று புதியவர்கள் கேட்பதுண்டு. உருளை தரும் உராய்வு மாறாமல் இருந்தாலும், நூல் கழியக் கழியச் சுருளின் ஆரம் சுருங்குவதால், மீன் உணரும் இழுவிசை அதே விகிதத்தில் ஏறிக்கொண்டே போகிறது. சுருள் பாதி விட்டத்துக்கு இளைக்கும்போது 12 கிலோ 24 கிலோவாகிவிடும். அதன்மேல் நானூறு, ஐந்நூறு மீட்டர் நூலைத் தண்ணீர் பிடித்திழுக்கும் சுமையும், வசந்த காலத்திலும் கோடையிலும் மிதந்துவந்து நூலில் தோரணமாய்த் தொங்கும் சர்காசோ பாசியின் சுமையும், முடிச்சு போட்ட இடத்தில் நரம்பு இழக்கும் வலிமையும் சேர்கின்றன. மீன் தொலைவில் இருக்கும்போது தடையைக் கூட்ட வேண்டும் என்று கை துடிக்கிறது; உண்மையில் அப்போதுதான் நெம்புகோலைச் சற்றே பின்னுக்குத் தள்ள வேண்டும். பெரிய உருளையுள்ள ரீலைத் தேர்வதன் உட்பொருளும் இதுவே: நூல் மிகுதியாகப் பிடிப்பது ஒருபுறமிருக்க, அதே தொலைவுக்கு மீன் ஓடினாலும் சுருள் அதிகம் இளைக்காமல் தடை சீராக நிற்பதே அதன் பயன்.

நூலைப் பற்றிய வாதம் முடிவற்றது. பாலிஎத்திலீன் இழைகளை முறுக்கிப் பின்னிய பின்னல் நூல், நம்மூரில் தங்கூசி எனப்படும், அதே வலிமையுள்ள நைலான் நரம்பைவிட மிக மெல்லியது. நீளமாகச் சுற்றலாம், நீரோட்டமும் குறைவாகவே இழுக்கும். ஆனால் அதற்கு நெகிழ்ச்சி கிடையாது, சிப்பி நிறைந்த திட்டின் முதுகில் உரசினால் தாங்காது. தங்கூசிக்கு நெகிழ்ச்சியும் உரசல் தாங்கும் உடலும் உண்டு, தடிமன்தான் குறை. இன்னொரு குறையும் அதற்கு உண்டு: விசையோடு நீண்ட நிலையில் சுற்றப்பட்ட தங்கூசி சுருங்க முயன்று உருளையைச் சுற்றுக்குச் சுற்று நெருக்கும், வலுவற்ற உருளைகள் அதனால் வெடித்ததும் உண்டு. எனவே அடியில் பின்னல் நூலும் மேலே சில நூறு மீட்டர் தங்கூசியுமாகச் சேர்த்துச் சுற்றுவது பொதுவழக்காகிவிட்டது. இங்கேதான் அறுபட வேண்டிய இடம் தீர்மானமாகிறது. உரசலுக்கு அஞ்சி மேல்நரம்பைப் பின்னலைவிடத் தடித்ததாக வைப்பவர்களின் நியாயம் புரிந்துகொள்ளக்கூடியதே என்றாலும், அவ்வாறு வைத்தால் அறுபடுவது அடியிலுள்ள பின்னலாகவே இருக்கும். தங்கூசி முழுவதும் சுறாவோடு போய்விடும். 60 கிலோ பின்னலின் மேல் 36 கிலோ நரம்பு இருந்தால், நரம்பு தன் கடைசி முடிச்சில், முள்ளை நோக்கிய லீடர் என்னும் கடைப்பகுதியை ஒட்டி அறுபடவே வாய்ப்பு மிகுதி.

இரண்டையும் இணைக்கும் முறையில் ஒரு நேர்த்தி உண்டு. உள்ளே குழலாகப் பின்னப்பட்ட நூலின் வாய்க்குள் தங்கூசியின் முனையைச் சில அடி நீளம் செலுத்திவிட்டால், இழுக்க இழுக்கக் குழல் ஒடுங்கி உள்ளிருப்பதைக் கவ்வுகிறது. வாய்ப்பகுதியில் மெல்லிய நூலால் சில சுற்றுக் கட்டும் ஒரு சொட்டுப் பசையும் போதும். இழுவிசையே பிடிப்பாகிவிடுவதால் முடிச்சின் புடைப்பும் இல்லை, அதன் வலிமையிழப்பும் இல்லை. கோலின் வளையங்கள் வழியே ஓசையின்றி நழுவிப்போகும் அந்த இணைப்பைக் கண்டவர்களுக்கு மற்ற முடிச்சுகள் கரடுமுரடாகவே தோன்றும்.

கோலைப் பற்றி நீளப் பேச ஒன்றுமில்லை. இரையைப் படகு கொண்டுபோய்ப் போடுவதால் வீசும் நீளம் தேவையற்றது. ஆறடியை ஒட்டிய, மெல்ல வளையும் கண்ணாடியிழைக் கோலே இடுப்புக்கு இதமானது. கோலின் வளையங்கள் சுழலும் சக்கரம் கொண்டவையாக இருந்தால், மணல் புகுந்தால் சக்கரம் சுழலாது, மெல்லிய பின்னல் நூல் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே சிக்கும் என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

படகின்றி வீசியே பிடிக்கும் தென்னாப்பிரிக்கக் கிழக்குக் கரையில் நிலை வேறு. பாறைமுனைகளில் நின்று, பதின்மூன்று, பதினான்கடிக் கோலால் கம்பிக் கொக்கிகள் நீட்டிய ஈயத்தை மட்டும் முதலில் தொலைவில் எறிந்து மண்ணில் ஊன்றச் செய்கிறார்கள். பிறகு பெரிய இரையைக் கட்டிய ஒரு வழுக்குக் கொளுவியை இறுகிய நூலில் மாட்டி விடுகிறார்கள். கடலை நோக்கி மட்டும் நழுவி, திரும்பிவர இயலாதபடி வளைக்கப்பட்ட கம்பி அது. வீச முடியாத எடையுள்ள இரையை வீசியதன் தொலைவுக்கே அனுப்பிவைக்கும் இந்த உத்தி, கருவி நுட்பம் என்ற வகையில் கயாக்கைவிட உயர்ந்தது.

லீடர் இரு துண்டுகளாலானது. பல்லுக்கு எதிராக ஐந்தாறு அடி எஃகுக் கம்பிவடம். அதற்கு மேல் பல அடி நீளத்துக்குத் தடித்த தங்கூசி. சுறாவின் தோல் முழுவதும் நுண்ணிய பற்செதில்களால் ஆனதாகையால், மீன் திரும்பி நூல் அதன் உடலிலோ வாலிலோ உரசினால் மெல்லிய நரம்பு நொடியில் தேய்ந்துவிடும்; ஆகவே லீடர் மீனின் உடல் நீளத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். வடத்தின் முனையைக் கண்ணியாக்க முடிச்சு உதவாது. வடத்தைச் சிறு உலோகக் குழலுக்குள் நுழைத்து, முள்ளின் காதில் சுற்றி, மீண்டும் அதே குழல் வழியே வாங்கி, இடுக்கியால் நசுக்குகிறார்கள். தேர்ந்த கை குழலின் நடுப்பகுதியை மட்டும் நசுக்கி, இரு வாயையும் சற்று விரிந்தபடியே விட்டுவைக்கும். வாய்வரை நசுக்கினால் அதன் விளிம்பு கத்தியாகி உள்ளிருப்பதை அரியும். குழலைத் திருப்பிப் பார்த்தாலே கட்டியவரின் தரம் தெரிந்துவிடும்.

முள்ளில் இன்று ஏறத்தாழ ஒருமித்த கருத்து உருவாகிவிட்டது. முனை உள்நோக்கித் தண்டுக்கே திரும்பியிருக்கும் வட்டமுள், விழுங்கப்பட்டாலும் தொண்டையில் பெரும்பாலும் பற்றாமல் வழுக்கி வந்து, வாயோரத்தில் தாடையைக் கொளுவுகிறது. கோலை வெடுக்கென்று இழுப்பது இங்கே தவறு. தடை சீராக இழுக்க மீன் தானே திரும்பி மாட்டிக்கொள்ளும். ஃப்ளோரிடா மாநிலம் 2019 ஜூலை முதல் கரையிலிருந்து சுறா பிடிப்பவர்களுக்குத் தனி அனுமதியையும், முனை பக்கவாட்டில் விலகாத, துருப்பிடிக்கும் உலோகத்தாலான வட்டமுள்ளையும் கட்டாயமாக்கியது. துருப்பிடிப்பது ஒரு கருவிக்கு நற்குணமாகக் கருதப்படும் அரிய இடம் இது. வாயில் தங்கிப்போன முள் நாளடைவில் கரைந்துபோக வேண்டும்.

மீனின் எடைக்கும் நரம்பின் வலிமைக்கும் உள்ள உறவுக்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1964 ஜூன் 14 அன்று தென் கரோலினாவின் செர்ரி குரோவ் மீன்பிடிப் பாலத்தில் வால்டர் மேக்ஸ்வெல் பிடித்த புலிச்சுறா 1,780 பவுண்டு, அதாவது 807 கிலோ. பயன்பட்ட நரம்பு 130 பவுண்டு வகை. தண்ணீரில் மீன் ஏறத்தாழ எடையற்றது என்பதால்தான் 59 கிலோ நரம்பால் அது முடிந்தது. அலை பின்வாங்கும் கடைசிச் சில மீட்டரில் அந்த எடை திடீரென்று திரும்பி வருகிறது. பல மணி நேரம் தாங்கிய முடிச்சு கால் நனையும் ஆழத்தில் அறுபடுவது இதனால்தான். இன்று அத்தகைய மீனைத் தூக்கில் தொங்கவிட்டு எடைபோடுவது ரசனைக் குறைவாகவும், ஃப்ளோரிடா போன்ற இடங்களில் சட்டமீறலாகவும் ஆகிவிட்டது. போராட்டம் நீள நீளச் சுறாவின் குருதியில் அமிலம் ஏறுகிறது. கொம்பன் சுறா இதில் மிக மென்மையானது, விடப்பட்டபின்னும் இறந்துபோவதுண்டு. மெல்லிய நரம்பில் பெருமீனை நெடுநேரம் ஆட்டுவிப்பதைத் திறமையாகக் கொண்டாடிய பழைய மனநிலை கரைச் சுறாவுக்குப் பொருந்தாது. கனத்த கருவியே இங்கே இரக்கமுள்ள கருவி.

மீனை விரைந்து விடுவிக்க வேண்டியிருப்பதால், கருவிப்பெட்டியின் கணக்கில் முள்ளை வெட்டும் போல்ட் கட்டரையும் சேர்க்க வேண்டும். ஃப்ளோரிடா விதிகள் வெட்டுங்கருவி ஒன்றைக் கைவசம் வைத்திருக்கச் சொல்கின்றன. அதை வாங்கும்போது பலர் கைப்பிடியின் நீளத்தைப் பார்க்கிறார்கள், பார்க்க வேண்டியது அதன் வாய் தாங்கும் தடிமனை. 20/0 அளவு வட்டமுள்ளின் தண்டு கம்பிவடத்தைவிடப் பலமடங்கு தடித்தது; வடத்தை மட்டும் வெட்டக்கூடிய கருவி முள்ளை மீனிடமே விட்டுவிடும். கடைக்குச் செல்லும்போது தாம் பயன்படுத்தும் முள் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அங்கேயே வெட்டிப் பார்த்து வாங்குவதே சரி.